அப்பாவுக்கு வாங்கிய நாற்காலி

பிப்ரவரி 4, 2018. வைபாஹு

அப்பா வந்தார், சமையலறைக் குழாயைச் சரிசெய்தார், போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் மகள் வீட்டுக்கு விருந்து வருவது என்றால் இதுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராகக் குழாயிடம் போனார். அதனிடம் நலம் விசாரித்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். என்னிடம் விசாரிக்கவில்லை. கையில் வழக்கமான பிளாஸ்டிக் பை. உள்ளே அவர் தோட்டத்துப் பாகற்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை, யாரோ பயணி கொடுத்த சாக்லேட்டில் மீதிப் பாதி. மற்ற பாதியை யார் தின்றது என்று நான் கேட்கவில்லை.

இந்த வீட்டை வாங்கி மூன்று வருடமாகிறது. அப்பா இங்கே ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு அவருக்கென்றே ஒரு நாற்காலி வாங்கினேன். கை வைத்த பிரம்பு நாற்காலி, முதுகுக்குப் பச்சை மெத்தை. அதைத் தட்டிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கே" என்றார். எனக்கு ஒரே பூரிப்பு. மறு நிமிடம் அதன் மேல் ஏறி நின்று கூடத்து பல்பை மாற்றினார்.

எழுபத்து நாலு வயது. வாரநாட்களில் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறார். அவர் தள்ளிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட இளையவர்கள். சனி, ஞாயிறு இரவுகளில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிறார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஓய்வுக்காலம். முன்பு மூன்று வேலை பார்த்தாராம், இப்போது இரண்டுதானாம்.

பிப்ரவரி 5

குழாய் சொட்டவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17

ரெஸ்டிட்யூட்டோ மாமாவின் சாவு ஜெபத்துக்குப் போய் வந்தோம். அப்பாவோடு விமான நிலையத்தில் நாற்காலி தள்ளியவர். பெட்டியில் படுத்திருந்தவரைப் பார்த்து, "இன்னிக்குத்தான் இவன் நேரத்துக்கு வந்திருக்கான்" என்று அப்பா என் காதில் சொன்னார். பிறகு நெடுநேரம் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

முடிந்ததும் வழக்கம்போல டோனட் கடை. சாவுக்குப் போனால் நேராக வீடு திரும்பக் கூடாது, நடுவில் எங்காவது இறங்கி இறந்தவரை உதறிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவரும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் ஆட்களில் டாக்டருக்குப் படித்தவர்கள்கூட இதை மீறுவதில்லை. கொன்சோர்சியா அத்தை இதற்குப் போலீஸ் மாதிரி. அப்பாவின் தங்கை, விதவை, கலிஹியில் அப்பாவின் பழைய வீட்டில் அவரோடு இருக்கிறாள். கடை வாசலில் நின்று எல்லோருடைய கார்களையும் எண்ணுவாள். யாராவது நழுவிவிட்டால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரியும்.

ஆவியை ஏமாற்றக்கூட அதிகம் செலவழிக்க மாட்டார் என் அப்பா. எங்கள் மேஜைக்கு ஒரே காபி வாங்கி, காலிக் கோப்பைகள் கேட்டு வாங்கிப் பங்கு போட்டார். அவர் மட்டும் கல்லா அருகே நின்றுகொண்டே குடித்தார்.

என் மகள் கியானா சும்மா இருப்பாளா? "லோலோ, உட்காராம நின்னா மாமா உங்ககூட வந்துடப் போறாரு" என்றாள். எங்கள் ஊரில் தாத்தாவை லோலோ என்பார்கள்.

"வரட்டும். ஹோட்டல்ல துணி மடிக்க ஆள் பத்தல" என்றார் அப்பா.

பிறகு சொந்த நாட்டில், பத்தாக்கில், அவர் சின்ன வயதில் நடந்த கதையைச் சொன்னார். நூறாவது முறை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் சித்தப்பாவைப் புதைத்துவிட்டு மழைக்குப் பயந்து நேராக வீட்டுக்கு ஓடினானாம். சித்தப்பாவும் பின்னாலேயே வந்து கூடத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். அதற்கப்புறம் அந்த பெஞ்சில் யாரும் உட்கார முடியவில்லையாம்.

"செத்தவங்க ஒரு எடத்துல உட்கார்ந்துட்டா எந்திரிக்கவே மாட்டாங்க. எந்திரிச்சு வேலைக்குப் போற தலையெழுத்தெல்லாம் உயிரோட இருக்கறவனுக்குத்தான்" என்று முடித்துவிட்டு மணி பார்த்தார். ஹோட்டலுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 3

என் தம்பி வில்லி அப்பாவுக்குப் பணி ஓய்வு விழா எடுக்கப் போகிறான். ஓய்வு பெறப் போகிறீர்களா என்று அப்பாவைக் கேட்கவில்லை. வில்லி வீடு விற்றுத் தரும் தொழிலில் இருக்கிறான். பேருந்து நிறுத்த பெஞ்சு விளம்பரங்களில் அவன் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். வைபாஹு ஜனங்கள் அதன் மேல்தான் உட்காருகிறார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு.

"மனாங், இந்தத் தடவை பெரிசா செய்யணும். ஹால் புக் பண்ணலாம்" என்றான். அக்கா என்று கூப்பிடும்போதே தெரியும், சமையல் என் தலையில்.

அப்பாவுக்கு இதற்கு முன் இரண்டு முறை பணி ஓய்வு விழா நடந்திருக்கிறது. அன்னாசித் தோட்டம் மூடியபோது ஒன்று, பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து விலகியபோது ஒன்று. இரண்டு முறையும் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இரண்டு முறையும் அதைக் கட்டிக்கொண்டு மறுவாரமே அடுத்த வேலைக்கு நேரத்தோடு போனார்.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

இன்று அவரை உட்கார வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன். பூசை முடிந்ததும் அப்பாவையும் அத்தையையும் நானே காரில் கூட்டி வந்துவிட்டேன். சொந்தக் காரில் வராவிட்டால் அவரால் நழுவி ஓட முடியாது அல்லவா. பாகற்காய் கத்தரிக்காய் போட்ட பினாக்பெட், வறுத்த பன்றி இறைச்சி, சோறு. பிரம்பு நாற்காலியை மேஜையின் தலைமாட்டில் போட்டிருந்தேன்.

கையில் குருத்தோலையோடு வந்தார். அதைச் சிலுவையாக முடிந்து வாசற்கதவுக்கு மேல் செருகினார். தட்டை எடுத்தார். சமையலறைத் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்.

"அப்பா, நாற்காலி இருக்கு."

"இருக்கட்டும். நின்னு சாப்பிட்டா சீக்கிரம் எறங்கும்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், பல் டாக்டரிடம் வரவேற்பாளராக இருந்து, ஊர்க்காரர்களையெல்லாம் "உட்காருங்க, இப்ப கூப்பிடுவாரு" என்று உட்கார வைக்கிறவள் நான். பெற்ற அப்பாவை உட்கார வைக்கத் துப்பில்லை.

கியானாதான் கேட்டாள். "லோலோ, உங்களுக்கு உட்காரவே பிடிக்காதா?"

"எழுபத்தொண்ணுல இங்க வரும்போது விமானத்துல உட்கார்ந்தேன்ல. அது போதும்" என்றார். அத்தை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்தார்.

"ஜூன்ல ரெண்டு வேலையையும் விட்டுடறேன், மினா. வில்லிகிட்ட சொல்லாத, ஹால் புக் பண்ணிடுவான். அப்புறம் இங்க வந்து உட்கார்றேன். நீயே போதும் எந்திரிங்கன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

எழுதி வைக்கிறேன். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். ஜூன்.

ஏப்ரல் 9

விமான நிலையத்திலிருந்து போன். அப்பா.

ஏப்ரல் 11

லாக்ரிமாஸ் அக்கா வந்திருந்தாள். அவளும் அங்கே நாற்காலி தள்ளுகிறவள், அப்பாவோடு இருந்தவள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வில்லி இதையும் அழகுபடுத்திவிடுவான்.

ஜப்பானிலிருந்து விமானம் வரவேண்டியிருந்தது. காலி நாற்காலியோடு கதவருகே காத்திருந்தார். தலை சுற்றுகிறது என்றாராம். லாக்ரிமாஸ் அக்கா, அண்ணன் முறை வைத்து, "மனோங், அதுலயே உட்காருங்களேன்" என்றாளாம். அவர் கையில் நாற்காலி. காலி நாற்காலி. மெத்தை வைத்தது.

"இது பயணிங்களுக்கு" என்றாராம்.

சுவரில் சாய்ந்தார். சரிந்தார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

என்ன மனுஷன்ப்பா நீ. என்ன மனுஷன். உட்கார்ந்தா என்ன கொறஞ்சு போயிடும்? யாரு கேக்கப் போறா?

ஏப்ரல் 15

அடக்கத்துக்கு இருபத்தெட்டாம் தேதிதான் கிடைத்தது. கலிஹி வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் நடக்கிறது. அத்தையின் ஆட்சி. வீட்டைப் பெருக்கக் கூடாது, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாது, திரும்பிப் போகிறவர்களை வாசல் வரை போய் வழியனுப்பக் கூடாது. மரியாதை தெரியாத குடும்பம் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அப்பாவின் படத்துக்கு முன்னால் தினம் ஒரு படையல் தட்டு. சோறு, அவித்த முட்டை, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. உயிரோடு இருந்தபோது சர்க்கரை ஆகாது என்று ஒரு ஸ்பூனோடு நிறுத்திய அதே அத்தைதான் மூன்று போடுகிறாள்.

வில்லி அஞ்சலி உரை தயாரித்துவிட்டான். திரையில் ஓட்டப் படங்களும் வைத்திருக்கிறான். முதல் படம் விமானம், கடைசிப் படம் சூரிய அஸ்தமனம். "வெறுங்கையோடு வந்து ஒரு வம்சத்தையே கட்டி எழுப்பினார்" என்று ஒரு வரி. கேட்டால் ஏதோ அடுக்குமாடி விளம்பரம் போல. மூலையில் அவன் அலுவலகச் சின்னம் இருந்தது. எடுடா என்றேன். எடுத்தான். பாவம், முகம் சிறுத்துவிட்டது. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால் அஸ்தமனத்தை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19

நானும் பேச வேண்டுமாம். என்ன பேசுவது?

புரூடென்சியோ தும்லாவ். பத்தாக்கில் பிறந்து புகையிலை வயலில் வளர்ந்தவர். இங்கே வந்து குனியாவில் அன்னாசி அறுத்தார். சாயங்காலம் பள்ளிக்கூடச் சமையலறை. இரவு ஹோட்டல் துணி. கூடப் பிறந்தவர்களை ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டுக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில் படுத்தார்கள். நானும் வில்லியும் சமையலறை மேஜைக்கு அடியில். அதைக் கூடாரம் என்று சொல்லி நம்பவைத்தார். அசல் கூடாரம் என்று ஒன்று உண்டென்று எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது.

கஞ்சர். இலோகானோக்காரன், அதாவது எங்கள் ஆள், கஞ்சன் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அப்பா அந்தப் பேரைக் காப்பாற்றுவதைக் கடமையாகவே எடுத்துக்கொண்டார். ஹோட்டலில் விருந்தாளிகள் விட்டுப்போன சோப்புத் துண்டுகளைக் கொண்டுவந்து உருட்டி ஒன்றாக்குவார். எங்கள் வீட்டுச் சோப்புக்கு எந்த நிறம், எந்த வாசனை என்று யாராலும் சொல்ல முடியாது.

கடற்கரைக்குக் கூட்டிப் போவார். எல்லா அப்பாக்களும் போவதுபோலத்தான். ஆனால் விடிகாலையில், எங்களைத் தவிர நண்டுகள் மட்டும் இருக்கும் நேரத்தில். ஒன்பது மணிக்கு அவருக்கு வேலை. நாங்கள் மணலில் வீடு கட்டும்போது இவர் முழங்கால் தண்ணீரில் நின்று கடற்பாசி பறிப்பார். "அப்பா, வந்து உட்காருங்க" என்று கத்துவேன். கையை ஆட்டுவார். பறிப்பார்.

அப்போதே ஆரம்பித்திருக்கிறேன் போல. ஆறு வயதிலிருந்தே.

கியானாவின் அப்பா நன்றாக உட்காருவார். அது ஒன்றுதான் செய்வார். அதனால்தான் இப்போது வேறொரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் கோயிலில் பேச முடியுமா? முடியாது. நான் பேசப் போவதில்லை.

ஏப்ரல் 27

சாவு ஜெபம். நிற்க இடமில்லாத கூட்டம். விமான நிலையத்துக்காரர்கள் சீருடையோடு வந்து பின்னால் வரிசையாக நின்றார்கள். காலி இருக்கைகளைக் காட்டியும் உட்காரவில்லை. அப்பாவின் சிஷ்யர்கள் வேறு எப்படி இருப்பார்கள்.

வில்லி பேசினான். விமானம், வம்சம், அஸ்தமனம். நடுவில் குரல் உடைந்தது, அந்த இடம் மட்டும் நன்றாக இருந்தது.

நான் பேசாததால் கியானா எழுந்து போனாள். இருபது வயதுப் பெண், தாளும் இல்லை, தயாரிப்பும் இல்லை. லோலோ தனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். ஹோட்டல் வேலை முடிந்து காலையில் வருவாராம், மூடியிருக்கும் கடைகளின் வாகன நிறுத்தத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டச் சொல்வாராம். "பக்கத்து சீட்ல உட்கார்ந்துப்பாரு. ஒரு ரவுண்டுலயே தூங்கிடுவாரு. அவர் எழும்பிடக் கூடாதேன்னு நான் மெதுவா ஓட்டுவேன். அதனாலதான் நான் இப்பவும் மெதுவா ஓட்டறேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள்.

ஆக, உட்கார்ந்திருக்கிறார். தூங்கியும் இருக்கிறார். என் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "துரோகி" என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணீர் பெட்டி மேல் விழக் கூடாது என்று அத்தை பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஏப்ரல் 28

புதைத்துவிட்டோம். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில்.

மதியம் கல்லறையிலிருந்து கார்கள் வரிசையாகக் கிளம்பின. முதலில் வில்லி, அவன் காரில் அத்தை. கடைசியில் நான். எல்லோரும் டோனட் கடைக்கு. ஓட்டியது நான்தான், மெதுவாக ஓட்டும் மகள் பக்கத்தில்.

கடைக்குத் திரும்பும் சிக்னல் வந்தது. முன்னால் போன கார்கள் எல்லாம் திரும்பின. நான் திரும்பவில்லை.

"அம்மா, அங்க திரும்பணும்" என்றாள் கியானா.

"தெரியும்."

கொஞ்ச தூரம் போனோம். நான் முன்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எங்கும் நிறுத்தவில்லை. கடை கண்ணி எதிலும் இறங்கவில்லை. பெட்ரோல் முள் சிவப்பில் இருந்தது, அதற்கும் நிற்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள், பிறகு எதுவும் கேட்காமல் பின்சீட்டில் கிடந்த பைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் இடம் விட்டாள். என் வயிற்றில் பிறந்தவள்தான், சந்தேகமில்லை.

வீட்டுக் கதவைத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். குருத்தோலைச் சிலுவை மேலே காய்ந்து போயிருந்தது. கியானா பிரம்பு நாற்காலியை மேஜையின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டாள். நான் காபி போட்டேன். மூன்று ஸ்பூன்.

"வாங்கப்பா. உட்காருங்க" என்றேன்.

ஏப்ரல் 29

காலையில் அத்தை போன். எதிர்பார்த்ததுதான், அவள் கார்களை எண்ணாமல் விடுவாளா.

"எங்கடி போன நேத்து? கடையில உன் காரக் காணோம்."

"வீட்டுக்கு வந்துட்டேன் அத்தை."

"நேராவா?"

"நேராத்தான்."

திட்ட ஆரம்பித்தாள். அவரை நிம்மதியாகப் போகவிடாமல் இப்படி இழுத்துப் பிடித்து வைத்தால் பாவம் வரும், வீட்டில் வியாதி வரும், கியானாவுக்குக் கல்யாணம் தள்ளிப் போகும். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன்.

மே 19

நாற்பதாம் நாள். இன்றோடு ஆன்மா மேலே போய்விடும் என்பது கணக்கு. கலிஹியில் விருந்து முடிந்ததும் அத்தை என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் தீர்த்தப் புட்டி, ஜெபமாலை. அண்ணனை முறைப்படி அனுப்பி வைக்க வேண்டுமாம்.

தீர்த்தம் தெளித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றினாள். எழுபது வயது, முட்டி வலி. மூச்சு வாங்கியதும் பிரம்பு நாற்காலியின் கையைப் பிடித்து உட்காரப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை, கடவுள் சத்தியமாக. பாதியில் தானே நின்றுவிட்டாள். நாற்காலியைப் பார்த்தாள். அதன் மெத்தையைத் தட்டிச் சரிசெய்தாள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

பிறகு நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். என்னிடம் பேசவில்லை.

"ஏண்ணா, எத்தன வருஷமா என்கூட ஒரே வீட்டுல இருந்த. ஒரு நாளாவது இப்படி நிம்மதியா உட்கார்ந்தியா? மக வீடுன்னதும் இனிச்சுப் போச்சோ?"

அழுதாள். நானும்தான். தீர்த்தப் புட்டியில் பாதி மீதியிருந்தது. மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை வீணாக்க மனம் வரவில்லையாம். இலோகானோ ரத்தம்.

போகும்போது வாசலில் நின்று, "சர்க்கரைய கொஞ்சமா போடு" என்றாள்.

ஜூன் 3

ஜூன். எழுதி வைத்திருக்கிறேன் பார்.

சமையலறைக் குழாய் நேற்றிலிருந்து மறுபடி சொட்டுகிறது. அப்பா இருக்கும் வீட்டில் குழாய் சொட்டி நான் பார்த்ததேயில்லை. காலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே, ஒன்றும் செய்யாமல். நாற்காலியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்திருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

பிளம்பருக்குப் போன் செய்திருக்கிறேன்.